ஸ்டட் முறிந்தால் ஹெட்டை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: ஐயா, அப்பா ஓட்டிய 1986 அம்பாசடர் மார்க் 4 பெட்ரோல் வண்டி இப்போது என்னிடம் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு தடவையாவது திருச்சி வரை போய்வருவேன். ஆறு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று சத்தம். சூடானால் குறைந்துவிடும். ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது ஓடும் ஸ்லோ ஸ்பீடும் சீராக நிற்பதில்லை. கார்புரேட்டரை இரண்டு தடவை சர்வீஸ் செய்தும் பலனில்லை. போன வாரம் மெக்கானிக் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றும்போது, அதை எஞ்சின் ஹெட்டோடு பிடிக்கும் ஸ்டட்டில், அதாவது இரு முனையிலும் மரையுள்ள தலையில்லாத போல்ட்டில், இரண்டு முறிந்துவிட்டது. முன்பக்கத்தில் முறிந்தது அரை இஞ்ச் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஃபயர்வால் பக்கத்துக் கடைசி ஸ்டட் ஹெட்டோடு மட்டமாகப் போய்விட்டது. நடுவில் ஓர் இடத்தில் ஸ்டட்டே இல்லை, யாரோ ஒரு போல்ட்டை முறுக்கி வைத்திருக்கிறார்கள். ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். முறிந்த ஸ்டட்டுக்குள் ஓட்டை போட்டுத் திருகி எடுக்கும் ஈஸி அவுட் கருவியைப் போட்டால் வந்துவிடும் என்கிறான் நண்பன். பேஸ்ட்டைப் பூசி ஓட்டு என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. எனக்கும் கொஞ்சம் கைவேலை தெரியும். யார் சொல்வதைக் கேட்பது?
— காரைக்குடி வாசகர்

தம்பி, முதலில் அந்த மாமாவை அனுப்பிவிட்டு வருவோம். பேஸ்ட் என்பது இரண்டு பரப்புகளும் இறுகப் பிடித்திருக்கும்போது நடுவில் உள்ள சின்னக் குறையை அடைப்பதற்கு. பிடிப்பே இல்லாத இடத்தில் எதைப் பூசினாலும் இரண்டு நாளில் காய்ந்து பொரிந்து உதிர்ந்துவிடும். அதைவிட முக்கியமான விஷயம், உங்கள் வண்டியில் கசிவு இருப்பது ஃபயர்வால் பக்கம், அதாவது எஞ்சினுக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பின் பக்கம். எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திருச்சி வரை போகிறவருக்குத் தலைவலி வந்தால் வெயில் என்று நினைத்துக்கொள்வார். வேலை முடிகிற வரை வண்டி நிற்கட்டும்.

அடுத்தது கார்புரேட்டர். அது பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. உங்கள் 1489 சிசி எஞ்சின் பழைய பிரிட்டிஷ் பி-சீரிஸ் வகை. அதில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கம்தான், இடது பக்கம். இரண்டின் ஃபிளாஞ்சும், அதாவது ஹெட்டோடு ஒட்டும் தட்டை விளிம்பும், அருகருகே உட்கார்ந்திருக்கும். இரண்டு ஓரத்து ஸ்டட்டை விட்டு, நடுவில் உள்ளவற்றில் பாதி இதன்மேலும் பாதி அதன்மேலுமாக ஒரு தடித்த வாஷர் இருக்கும். ஒரே நட் அந்த வாஷரை அழுத்தி இரண்டையும் பிடிக்கும். ஆகவே அங்கே ஒன்றின் பிடி தளர்ந்தால் புகை மட்டும் கசியாது, இன்லெட் ஜாயிண்ட்டும் தளர்ந்து வெளிக்காற்றை உறிஞ்சும். கலவையில் பெட்ரோல் குறைந்து ஸ்லோ ஸ்பீடு ஏறி இறங்கும். இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று எடுத்துக்கொண்டு ஜெட்டை மாற்றி, மிதவையை மாற்றி, வண்டிக்காரரின் பணத்தையும் மாற்றிக்கொண்டவர்கள் நிறையப் பேர். காலையில் வருகிற டிக் டிக் சத்தமும் இதன் கூடப் பிறந்ததுதான். குளிரில் இடைவெளி திறந்திருக்கும், இரும்பு சூடாகி விரிந்ததும் அடைந்துகொள்ளும்.

சரி, உங்கள் நண்பரின் ஈஸி அவுட்டுக்கு வருவோம். அந்தப் பெயரை வைத்தவர் துருப்பிடித்த எக்ஸாஸ்ட் ஸ்டட்டில் ஒரு நாளும் அதை இறக்கியிருக்க மாட்டார். யோசித்துப் பாருங்கள். முழுத் தடிமனோடு இருந்த ஸ்டட், துருவின் பிடியை மீற முடியாமல் முறிந்தது. அதன் நடுவில் 4 எம்.எம் ஓட்டை போட்டு, ஸ்டட்டைவிட ஒல்லியான ஒரு கருவியை விட்டுத் திருகினால் எது முதலில் முறியும்? போதாததற்கு ஈஸி அவுட் ஆப்பு மாதிரி கூம்பாக இருக்கும். இறங்க இறங்க ஸ்டட்டை உள்ளிருந்து அகட்டி, மரையை இன்னும் இறுக்கும்.

கோவையில் தொழில் கற்றுக்கொண்டிருந்தபோது, எனக்கு இருபத்துமூன்று வயதிருக்கும், முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டப்போய் ஒரு ஈஸி அவுட்டை ஹெட்டுக்குள்ளேயே முறித்துவிட்டேன். அது கடினமாக்கப்பட்ட டூல் ஸ்டீல். டிரில் பிட்டை வைத்தால் பிட் முனைதான் மழுங்குகிறது, அதில் ஒரு கீறல்கூட விழவில்லை. கடைசியில் ஹெட்டை இறக்கி, டை செய்கிற பட்டறை ஒன்றில் மின்பொறியால் அரிக்கிற ஸ்பார்க் மெஷினில் போட்டு எடுக்க வேண்டியதாயிற்று. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. எடுத்த துண்டை என் டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. துருவே இல்லாமல், வேறு ஏதோ காரணத்தால் முறிந்து, உள்ளே லூசாக நிற்கும் ஸ்டட்டுக்கு ஈஸி அவுட் சரி. உங்களுக்கு வேண்டாம்.

முன்பக்கத்து ஸ்டட் அரை இஞ்ச் வெளியே இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். இதை நீங்களே செய்யலாம், ஆனால் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒயர் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துவிட்டு, ஸ்டட் ஹெட்டுக்குள் நுழையும் இடத்தில் துரு இளக்கும் ஆயிலை விடுங்கள். கடையில் ஸ்பிரேயாக விற்பதும் ஆகும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து பழைய இங்க் ஃபில்லரால் விடுவது என் பழக்கம். பாட்டிலை ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும், இல்லையென்றால் பிரிந்துவிடும். காலையும் மாலையும் விட்டு, சின்னச் சுத்தியலால் ஸ்டட்டின் தலையில் ‘டொக் டொக்’ என்று இருபது முப்பது தட்டு. ஆணி அறைகிற அடி வேண்டாம், கதவு தட்டுகிற அடி போதும். அந்த அதிர்வில்தான் ஆயில் மரைக்குள் இறங்கும். மூன்று நாள் இப்படிச் செய்யுங்கள்.

நான்காம் நாள் இரண்டு நட்டை ஒன்றோடு ஒன்று இறுக்கிப் பூட்டி, உள்பக்க நட்டில் ஸ்பானர் போட்டுத் திருப்புங்கள். மரை கெட்டிருந்தால் வைஸ் கிரிப். முதல் அசைவு கழற்றுகிற திசையில் வேண்டாம், இறுக்குகிற திசையில் ஒரு மயிரிழை. அது ‘கிறீச்’ என்று அசைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி ஆயில், மறுபடி வெளியே. சத்தமே இல்லாமல் ரப்பர் மாதிரி வளைந்துகொடுத்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள். ஸ்டட் சுழலவில்லை, முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். இன்னும் கால் சுற்று போனால் இதுவும் மட்டமாகப் போய்விடும்.

ஃபயர்வால் பக்கத்து ஸ்டட்டை நீங்கள் தொட வேண்டாம். கை நிதானமுள்ள ஒரு வெல்டரைக் கூப்பிடுங்கள். முறிந்த முனையின்மேல் ஒரு வாஷரை வைத்து, வாஷரின் ஓட்டை வழியாக ஸ்டட்டையும் வாஷரையும் சேர்த்து ஒரு பொட்டு வெல்டு. அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் உள்பக்கம் நிரம்ப வெல்டு. மிக் வெல்டிங் இருந்தால் சுலபம். இதில் பிடிமானத்தைவிடப் பெரிய மருந்து சூடுதான். ஸ்டட் பழுக்கச் சூடாகி விரியப் பார்க்கும், சுற்றியுள்ள ஹெட் விடாது, ஆறும்போது ஸ்டட் சுருங்கும். அந்த இழுபறியில் துருவின் பிடி விட்டுப்போகும். நட்டின் சிவப்பு மறைந்ததும் மெழுகுவர்த்தியை ஓரத்தில் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் ஓடும். அரை நிமிடம் பொறுத்து ஸ்பானரைப் போட்டு முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். முதல் தடவையில் நட்டு மட்டும் பிய்ந்து வந்தால் மனம் தளர வேண்டாம். மூன்று நான்கு தடவை வைத்து எடுத்தவை என் கணக்கில் ஏராளம். ஒவ்வொரு தடவையும் சூடேறி ஆறுவதே நமக்கு லாபம்.

வெல்டு வைப்பதற்கு முன் கார்புரேட்டரைக் கழற்றி வண்டியை விட்டுத் தள்ளி வையுங்கள், பெட்ரோல் குழாயின் வாயை அடையுங்கள், பேட்டரியின் இரண்டு முனைகளையும் எடுத்துவிடுங்கள். மூன்று நாள் விட்ட ஆயிலும் அசிட்டோனும் அங்கே இருக்கும் என்பதால் துணியால் நன்றாகத் துடைத்து உலரவிட வேண்டும். எர்த் கிளிப்பை பாடியில் மாட்டாமல் ஹெட்டிலேயே மாட்டச் சொல்லுங்கள். பாடியில் மாட்டினால் கரண்ட், கிடைத்த கேபிள் வழியெல்லாம் சுற்றி வரும். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அதிலும் வரவில்லையென்றால் டிரில்தான். டிரில் போட்டுக் கெட்ட ஹெட்டெல்லாம் சென்டர் தவறிக் கெட்டவைதான். ஸ்டட் முறிந்த முகம் மேடும் பள்ளமுமாக இருக்கும், பிட் சரிந்து பக்கத்து வார்ப்பிரும்புக்குள் போய்விடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. மேனிஃபோல்டையே கைடாக வைத்துக்கொள்ளுங்கள். லேத்தில் ஒரு புஷ் கடைந்து வாங்குங்கள், வெளிச்சுற்று மேனிஃபோல்டு ஓட்டையில் ஆடாமல் உட்காரும் அளவு, நடுவில் 3 எம்.எம் ஓட்டை. ஆனால் மேனிஃபோல்டு ஓட்டை ஸ்டட்டைவிடப் பெரியது. ஆகவே நல்ல ஸ்டட்கள் ஓட்டைகளின் நடுவில் நிற்கும்படி மேனிஃபோல்டைப் பார்த்து நிறுத்தி, நட்டைப் போட்டுப் பிடிக்க வேண்டும். புஷ் வழியாக 3 எம்.எம் பிட்டை இறக்கினால் அது நேராகத்தான் போயாக வேண்டும். எவ்வளவு ஆழம் என்பதற்குக் கழற்றிய முன்பக்கத்து ஸ்டட்டில் ஹெட்டுக்குள் இருந்த பகுதியை அளந்து, புஷ்ஷின் நீளத்தையும் கூட்டி, பிட்டில் அந்த அளவுக்கு ஒட்டும் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். சில எஞ்சின்களில் ஸ்டட் ஓட்டைக்குப் பின்னால் தண்ணீர் பாதை இருக்கும். மெதுவான வேகம், நிறைய ஆயில், கண்ணுக்குக் கண்ணாடி. அப்புறம் 5, கடைசியாக 6.5. நடு தவறாமல் வந்திருந்தால் ஸ்டட்டின் மரை மட்டும் மெல்லிய சுருளாக ஹெட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசியால் அதன் நுனியை நெம்பினால் முறுக்குப் பிழிந்த மாதிரி சுருண்டு வரும். அதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம்.

நடுவில் யாரோ முறுக்கி வைத்த போல்ட் இருக்கிறது என்றீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. உங்கள் எஞ்சினில் மில்லிமீட்டர் மரை கிடையாது, இஞ்ச் மரை. ரெண்டரை நூல் ஸ்டட் என்றால், அதாவது 5/16 இஞ்ச், ஹெட்டுக்குள் போகும் முனையில் இஞ்சுக்கு 18 மரை, நட் ஏறும் முனையில் 24 மரை. சந்தையில் சும்மா கிடைக்கிற 8 எம்.எம் போல்ட்டோ இஞ்சுக்கு இருபது மரைக்குக் கொஞ்சம் மேல். தடிமனில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 7.94-க்கும் 8-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு மூன்று சுற்று சமத்தாகப் போகும், அப்புறம் இறுகும். ‘நல்லா டைட்டா உட்கார்ந்துடுச்சு’ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். உண்மையில் அது ஹெட்டின் மரையை அரைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் போல்ட்டையும் எடுத்துவிட்டு, மரை வெட்டும் சரியான டேப்பைக் கையாலேயே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மரை கழண்ட கேஸ் என்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஹெலிகாயில் என்கிற எஃகுச் சுருள் மரை. இன்னொன்று எங்கள் லேத்துக்காரர்களின் பழைய வைத்தியம், ஸ்டெப் ஸ்டட். ஹெட்டில் மூன்று நூலுக்கு, அதாவது 3/8-க்கு, மரை போட்டு, ஹெட் பக்கம் மூன்று நூலும் நட் பக்கம் பழையபடி ரெண்டரை நூலுமாக ஒரு ஸ்டட் கடைவது. வார்ப்பிரும்பு ஹெட்டில் எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை அதிகம். நட் பக்கத்தையும் தடியாக்கிவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் மெக்கானிக்கின் பேச்சு. ஹெட்டை இறக்க வேண்டும் என்பது தப்பில்லை, அவசரம். வெல்டிங்கிலும் வராமல், ஃபயர்வால் இடித்து டிரில் மெஷின் நேராக நிற்க இடமில்லாமல் போனால் இறக்கத்தான் வேண்டும். டேபிளில் வைத்து, பில்லர் டிரில்லில் போட்டால் பத்து நிமிட வேலை. வேறு ஒரு காரணத்துக்காகவும் இறக்கலாம். இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றது. உங்கள் எஞ்சின் அதற்கு முந்தைய காலத்தது, அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைத் தேயாமல் காத்துவந்தது. சீட்டுக்குத் தனிக் கடின வளையம், அதாவது இன்சர்ட், போடாத ஹெட்டாக இருந்து, டாப்பெட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால், சீட் தேய்ந்து வால்வு ஹெட்டுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். கம்ப்ரஷனும் குறைந்திருந்தால் ஹெட்டை இறக்கி ஸ்டட், கடின இன்சர்ட், வால்வு கைடு எல்லாம் ஒரே செலவாக முடித்துவிடுங்கள். கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் இரண்டு ஸ்டட்டுக்காக ஹெட் கேஸ்கெட்டைக் கிளற வேண்டாம்.

புது ஸ்டட் வாங்கும்போது ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மரைக் கம்பியை வெட்டிப் போட்டுவிடாதீர்கள், அது சாதா இரும்பு. 8.8 தரத்துக்குக் குறையாத ஸ்டட் வேண்டும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காதே என்று சிலர் கேட்பார்கள். துருப்பிடிக்காது, ஆனால் ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டட்டும் சூட்டில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டால் பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது. நட் மட்டும் பித்தளையில் போடுங்கள். பித்தளை துருவோடு சேராது, அடுத்த தடவை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார். சென்னையில் என்றால் ஜி.பி. ரோட்டில் தேடினால் கிடைக்கும், இல்லாவிட்டால் லேத்தில் கடையச் சொல்லுங்கள். அந்தத் தடித்த வாஷர்களைத் தொலைத்துவிடாதீர்கள். மெல்லிய வாஷர் போட்டால் நடுவில் குழிந்து இரண்டு ஃபிளாஞ்சையும் விட்டுவிடும்.

மாட்டுவதற்கு முன் மேனிஃபோல்டின் முகத்தில் ஒரு எஃகு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பாருங்கள். கால் மில்லிமீட்டருக்கு மேல் நுழைந்தால் முகம் வளைந்திருக்கிறது, மெஷினில் போட்டு மட்டமாக்க வேண்டும். அப்படிச் செய்தால் இன்லெட்டையும் எக்ஸாஸ்ட்டையும் சேர்த்தே கொடுங்கள். எக்ஸாஸ்ட்டை மட்டும் வழித்தால் அதன் ஃபிளாஞ்ச் மெலிந்து, வாஷர் ஒரு பக்கம் சாய்ந்து, அழுத்தம் முழுவதும் இன்லெட்டுக்கே போகும். புது ஸ்டட், புது கேஸ்கெட் எல்லாம் போட்டும் ஒரு மாதத்தில் திரும்பி வந்த வண்டிகளில் இந்தக் கோளாறைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் செய்துவிட்டு, ஏன் முறிந்தது என்று பார்க்காமல் விட்டால் அதே இடத்தில் மறுபடி முறியும். 40 செ.மீ நீளமுள்ள வார்ப்பிரும்பு, ஹெட்டைவிட 300 டிகிரி அதிகம் சூடானால் ஒன்றேகால் மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஒவ்வொரு பயணத்திலும் நீண்டு சுருங்கி இரண்டு ஓரத்து ஸ்டட்டையும் பக்கவாட்டில் இழுக்கும். உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் முறிந்தது தற்செயல் இல்லை. இந்த நீட்சிக்கு இடம் கொடுக்கத்தான் மேனிஃபோல்டு ஓட்டையைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நட் பக்கத்தைத் தடியாக்க வேண்டாம் என்றது இதனால்தான். அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சைலன்சரைத் தாங்கும் ரப்பர்களில் ஒன்று அறுந்து கம்பியால் கட்டியிருந்தாலோ, எஞ்சின் மவுண்டிங் தொய்ந்திருந்தாலோ, குழாயின் பாரமும் ஆட்டமும் மேனிஃபோல்டு வழியாக ஸ்டட்டுக்குத்தான் வரும்.

மாட்டும்போது ஸ்டட்டின் மரையில், மரை இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பேஸ்ட்டில் சூடு தாங்கும் வகையைக் கொஞ்சம் தடவிக்கொள்ளுங்கள், சாதா கிரீஸ் எரிந்துவிடும். ஸ்டட்டை ஹெட்டில் கையால் முழுக்க ஏற்றி, லேசாக நிறுத்தினால் போதும், அறைய வேண்டாம். நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். ரெண்டரை நூலுக்கு 15 பவுண்டு-அடி, அதாவது 20 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் வேண்டாம். ஆன்டி சீஸ் தடவியிருப்பதால் இதற்கும் ஒரு பிடி குறைவாக நிறுத்தலாம். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் அந்த மெக்கானிக்கிடமே அரை மணி நேரம் இரவல் கேளுங்கள். ஹெட்டை இறக்கும் வேலை கைவிட்டுப்போன வருத்தத்தில் இருப்பார், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் தந்துவிடுவார். முதல் பயணம் முடிந்து முழுக்க ஆறியபின் ஒரு தடவை, 300 கிலோமீட்டருக்கு அப்புறம் ஒரு தடவை எல்லா நட்டையும் அதே அளவுக்குச் சரிபார்த்துவிடுங்கள். புது கேஸ்கெட் சூட்டில் அமுங்கி, நட்டுகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அதன் பிறகும் ஸ்லோ ஸ்பீடு நிற்கவில்லையென்றால், அப்போது கார்புரேட்டரைத் திறக்கலாம்.